இருவாச்சி எப்படி டூக்கான் ஆனது? தென்வானத்துப் பன்னிரண்டு விண்மீன் கூட்டங்களின் பெயர் வரலாறு

தொடக்கப்பள்ளி அறிவியலில் நாம் சொல்லிக்கொடுக்கும் விண்மீன் கூட்டங்கள் நான்கே நான்கு. பெலாந்திக், பீடுக், ஸ்கோர்பியோ, பாரி. தமிழில் வேடன், பெருங்கரடி, தேள், தென்சிலுவை என்று சொல்கிறோம். மாணவர்களும் மனனம் செய்து, எந்த மாதத்தில் எது தெரியும், எந்தத் திசையைக் காட்டும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அனைத்துலக வானியல் ஒன்றியம் 1922-இல் ஏற்றுக்கொண்ட பட்டியலில் 88 கூட்டங்கள் இருக்கின்றன. மீதியைப் பற்றி ஒரு மாணவர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? பெரும்பாலும், "அதெல்லாம் கிரேக்கர்கள் வைத்த பெயர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அந்தப் பதில் பாதிக்குத்தான் சரி. கிரேக்கர் வழி வந்தவை 48. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தொகுத்த பட்டியல் அது. சிங்கம், தேள், வேடன், பெருங்கரடி எல்லாம் அதில் அடங்கும். மற்ற நாற்பதும் பெரும்பாலும் 1500-க்குப் பிறகு, கப்பலோட்டிகளும் நிலப்பட வரைஞர்களும் வானியலாளர்களும் சேர்த்தவை. அவற்றில் பன்னிரண்டின் கதை நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது. சாவகத்தின் பந்தாம் துறைமுகம், சுமத்திராவின் ஆச்சே, ஒரு மலாய் அகராதி, ஒரு சிறைவாசம் எல்லாம் அதில் வருகின்றன. நம் வரலாற்றுப் பாடநூலில் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த 1641 வருகிறது. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டு முன்னால் அவர்கள் நம் வட்டார வானத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள் என்பது வருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தாலமியின் பட்டியலில் ஏன் தென்வானம் காலியாக இருந்தது? காரணம் எளிது. அலெக்சாந்திரியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 31 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தென்துருவத்தைச் சுற்றியுள்ள விண்மீன்கள் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. கண்ணில் படாததற்கு யார் பெயர் வைப்பார்கள்? வானக் கோளம் செய்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். தாலமியின் காலத்திலிருந்து கிட்டத்தட்ட 1,400 ஆண்டுகள் அது ஐரோப்பியர்களின் படத்தில் வெறுமையாகவே கிடந்தது. வெறுமை படத்தில்தான், வானத்தில் இல்லை. அந்த விண்மீன்களின் கீழேதான் மலாய்க்காரர்களும் சாவகரும் மடகாஸ்கர் மக்களும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நாம் சிலுவை என்று சொல்வதை மலாய்க்காரர்கள் திருக்கை மீன் என்று பார்த்தார்கள். பாரி என்றால் அதுதானே பொருள்.

மிளகும் விண்மீனும்

1590-களில் டச்சு வணிகர்களுக்கு ஒரே கவலை, மிளகு. கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கடல்வழி போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. தாங்களே நேரடியாகப் போய் வாங்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் துருவ விண்மீன் மறைந்துவிடும். வடக்கே இருக்கும்வரை அதன் உயரத்தை அளந்து கப்பல் எந்த அகலாங்கில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தெற்கே போனபின் இரவில் எதை அளப்பது? ஒரு நூற்றாண்டாக அங்கே ஓடிப் பழகிய போர்த்துக்கீசியர்களுக்குத் தென்சிலுவையை வைத்துக் கணக்குப் போடத் தெரியும். டச்சுக்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

இந்த இடத்தில்தான் பெத்ருஸ் பிளான்சியுஸ் வருகிறார். சமயப் போதகர், அதே சமயம் தேர்ந்த நிலப்பட வரைஞர். அவர் பீட்டர் டிர்க்சோன் கைசர் என்ற மாலுமிக்கு விண்மீன்களை அளக்கப் பயிற்சி கொடுத்து, தெற்கே தெரியும் புதிய விண்மீன்களைக் குறித்துவரச் சொன்னார். 1595 ஏப்ரலில் நான்கு கப்பல்கள் டச்சு நாட்டின் டெக்செல் தீவிலிருந்து புறப்பட்டன. தலைவர் கொர்னேலிஸ் தெ ஹவுட்மன். அவருடைய தம்பி பிரெடரிக் தெ ஹவுட்மனும் கூடப் போனார். கைசர் தலைமை வழிகாட்டி மாலுமி.

பயணம் படுமோசமாகப் போனது. ஸ்கர்வி என்ற நோய் மாலுமிகளைக் கொன்று குவித்தது. மடகாஸ்கரில் மாதக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கைசர் பெரும்பாலான விண்மீன்களை அளந்தது அந்தக் காலத்தில்தான் என்று கருதப்படுகிறது. பிளான்சியுஸ் கொடுத்த கருவியோடு பாய்மர உச்சியிலுள்ள காவல் கூட்டில் ஏறி அவர் விண்மீன்களைப் பார்த்தார் என்று பவுலுஸ் மேருலா என்ற டச்சு அறிஞர் 1605-இல் எழுதினார். ஆடுகிற கப்பலில், உச்சியில், இருட்டில். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்!

1596-இல் கப்பல்கள் பந்தாம் போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கைசர் இறந்துபோனார். ஒரு கப்பலை ஓட்ட ஆளில்லாமல் எரித்துவிட்டு, மீதி மூன்றும் 1597 ஆகஸ்டில் நாடு திரும்பின. போனவர்கள் சுமார் 240 பேர், உயிரோடு திரும்பியவர்கள் தொண்ணூறு பேருக்கும் குறைவு. கைசர் திரும்பவில்லை, அவருடைய குறிப்புகள் திரும்பின. 135 விண்மீன்களின் இடங்கள் பிளான்சியுஸ் கைக்குப் போயின. அவர் அவற்றைப் பன்னிரண்டு உருவங்களாகப் பிரித்து, யோதொகுஸ் ஹோண்டியுஸ் என்பவரோடு சேர்ந்து 1598-இல் செய்த வானக் கோளத்தில் வரைந்தார். வெறுமையாக இருந்த இடத்தில் முதன்முதலாக உருவங்கள் தோன்றின.

அந்தப் பன்னிரண்டும் இவை: மயில், கொக்கு, டூக்கான், பீனிக்ஸ், சொர்க்கப் பறவை, பச்சோந்தி, ஈ, தங்கமீன் எனப்படும் டொராடோ, பறக்கும் மீன், நீர்ப்பாம்பு, இந்தியன், தென்முக்கோணம். கிரேக்கக் கடவுள் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பீனிக்ஸ் ஒன்றுதான் கட்டுக்கதைப் பறவை. முக்கோணத்தையும் விட்டுவிட்டால் மீதியெல்லாம் ஒரு நீண்ட கப்பல் பயணத்தில் கண்ணில் பட்டவை, காதில் விழுந்தவை. டொராடோ என்ற பெரிய மீன் பறக்கும் மீன்களைத் துரத்தித் தின்னும். மாலுமிகள் அதைத் தினமும் பார்த்திருப்பார்கள். வானத்திலும் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. பச்சோந்தி மடகாஸ்கரின் பிராணி. அதன் அருகிலேயே ஈ. பழைய படங்கள் சிலவற்றில் பச்சோந்தி நாக்கை நீட்டி ஈயைப் பிடிக்கப் பார்க்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருமுறை சொன்னால் போதும், மறக்கவே மாட்டார்கள்.

பெயர்கள் திரிந்த விதம்

என் பார்வையில் இந்தக் கதையிலேயே சுவையான பகுதி இதுதான். பெயர் வைத்தவர் ஒருவர், பார்த்தவர் வேறொருவர், நகலெடுத்தவர் மூன்றாமவர். ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதாவது ஒன்று மாறியது.

முதலில் சொர்க்கப் பறவை. மலாயில் செண்டராவாசி. நியூ கினித் தீவில் இந்தப் பறவையைப் பிடித்துப் பதப்படுத்தி விற்றவர்கள், காலை வெட்டிவிட்டுத் தோலையும் இறகையும் மட்டும் விற்றார்கள். மகெல்லனின் கப்பல் 1522-இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது அப்படிப்பட்ட பறவைத் தோல்களைக் கொண்டுபோனது. அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இந்தப் பறவைக்குக் காலே கிடையாது, தரையில் இறங்காமல் வாழ்நாள் முழுக்கப் பறந்துகொண்டே இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். கிரேக்க மொழியில் காலில்லாதது என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் அந்த விண்மீன் கூட்டத்தின் இன்றைய பெயரான ஏப்பஸ் வந்தது. 1758-இல் லின்னேயஸ் அந்தப் பறவையினத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் காலில்லாதது என்ற சொல்லையே போட்டார். வியாபாரி வெட்டியெறிந்த இரண்டு கால்கள், அறிவியல் பெயரிலும் வானத்திலும் நிரந்தரமாகக் காணாமல் போய்விட்டன.

அதோடு போகவில்லை. பிளான்சியுஸின் கோளத்தில் அந்தக் கூட்டத்துக்கு எழுதியிருந்த லத்தீன் பெயர் ஆப்பிஸ் இந்திகா. ஆவிஸ் என்றால் பறவை, ஆப்பிஸ் என்றால் தேனீ. ஓர் எழுத்து மாறியதால் இந்தியப் பறவை இந்தியத் தேனீ ஆகிவிட்டது. நமக்கு லகர, ளகர, ழகரப் பிழை மாதிரி அவர்களுக்கும் ஒன்று! குழப்பம் இன்னும் கூடியது எப்படியென்றால், பிளான்சியுஸ் பெயரெழுதாமல் விட்ட ஈயின் படத்தைப் பின்னால் ஜெர்மானியர் ஒருவர் தேனீ என்று எடுத்துக்கொண்டார். ஆக அடுத்தடுத்து இரண்டு தேனீக்கள். ஒன்று பறவை, மற்றொன்று ஈ. பதினெட்டாம் நூற்றாண்டில் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஈயை ஈ என்றே திரும்ப எழுதியபின்தான் இது தெளிந்தது.

அடுத்தது டூக்கான். இது தென் அமெரிக்கப் பறவை, பெரிய அலகு கொண்டது. கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பலில் தென் அமெரிக்கப் பறவை எங்கிருந்து வந்தது? பிரெடரிக் தெ ஹவுட்மன் பின்னால் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அதில் டூக்கான் என்ற சொல்லே இல்லை. இந்தியாவின் மேக்பை, அதாவது வால் நீண்ட ஒரு காக்கை இனப் பறவை என்றும், இந்தியத் தீவுகளில் அதற்கு லாங் என்று பெயர் என்றும் இருக்கிறது. அவர் மனத்தில் இருந்தது இருவாச்சிதான் என்று வானியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். இருவாச்சி என்றால் சில மாணவர்கள் விழிப்பார்கள், எங்காங் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். சரவாக்கில் அதையே கென்யாலாங் என்கிறார்கள். டச்சுக்காரர் காதில் விழுந்த லாங் என்ற ஒலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யோசிக்கத் தோன்றுகிறது. மலாயில் பருந்தைக் குறிக்கும் ஹெலாங் என்ற சொல்லும் இருப்பதால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று உறுதி. நம் காடுகளில் பறக்கும் ஒரு பறவை மலாய்ப் பெயரோடு அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் கோளம் செய்தவர் அதே உருவத்துக்கு, ஐரோப்பாவில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்த டூக்கான் என்ற பெயரைப் போட்டார். கோளமும் அதைப் பார்த்து வரைந்த படங்களும் ஊரெல்லாம் பரவின. டச்சு மொழிப் பட்டியல் அந்த அளவு பரவவில்லை. டூக்கான் நின்றது, லாங் போய்விட்டது. கெப்ளரோ இதே கூட்டத்தை அமெரிக்க வாத்து என்றார். அந்தப் பெயர் ஒட்டாமல் போனதற்கு நன்றி சொல்லலாம்.

கொக்கும் இப்படித்தான். தெ ஹவுட்மன் அதை நாரை வகை என்று எழுதினார், பிளான்சியுஸ் கொக்கு வகை என்றார், வேறு சிலர் பூநாரை என்றுகூட வரைந்தார்கள். நீர்ப்பாம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: தாலமியின் பட்டியலில் ஏற்கெனவே ஹைட்ரா என்று ஒரு நீர்ப்பாம்பு இருக்கிறது, இது ஹைட்ரஸ். தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தியன் என்ற கூட்டத்தைப் பார்த்து நம் மாணவர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. கையில் அம்புகளோடு நிற்கும் ஒரு மனிதன் அது. அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு இந்தியர் என்றால் இந்தியாவில் வாழ்பவர் மட்டுமல்லர். கிழக்கிந்தியத் தீவு மக்களையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் ஒரே சொல்லால்தான் குறித்தார்கள். படத்தில் இருப்பவர் எந்த நாட்டவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டில் ஒரே மனித உருவம் அதுதான். பறவைகளுக்கும் மீன்களுக்கும் பெயர் தேடியவர்கள், அந்த மனிதனுக்கு ஓர் ஊர்கூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மயில் பற்றியும் ஒரு வார்த்தை. இது முருகனின் மயில், பழந்தமிழர் பார்த்த மயில் என்று சில குழுக்களில் செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். டச்சு மாலுமிகள் சாவகத்தில் கண்டிருக்கக்கூடிய பச்சை மயிலாகவே அது இருக்க வேண்டும். நமக்கென்று கார்த்திகை, திருவாதிரை, அகத்தியர் என்று நிறைய இருக்கின்றன, இரவல் வாங்கும் நிலை நமக்கு இல்லை. அந்தக் கூட்டத்தின் ஒளிமிக்க விண்மீனின் பெயர் பீகாக் என்பது வேறொரு கதை. 1930-களில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வழிகாட்டும் விண்மீன் அட்டவணை தயாரித்தபோது, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப்பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று படை வற்புறுத்தியது. இரண்டு விண்மீன்களுக்குப் பெயரே இல்லை. மயில் கூட்டத்தில் இருந்ததற்கு ஆங்கிலத்தில் மயில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைமை கொண்டவை என்று நாம் நினைக்கும் பெயர்களில் இப்படி அலுவலக மேசையில் பிறந்தவையும் உண்டு.

யாருக்குப் புகழ்?

இப்போது வரலாற்று மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தப் பன்னிரண்டு கூட்டங்களை உருவாக்கியவர் யார் என்று பழைய நூல்களைத் திறந்து பார்த்தால், யோகான் பாயர், 1603 என்று போட்டிருக்கும். இன்றும் பல இடங்களில் அப்படியே நகலெடுக்கிறார்கள். பாயர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர். அவர் வெளியிட்ட யுரனோமெட்ரியா என்ற வானப் படநூல் மிக அழகானது. 48 படங்கள் தாலமியின் கூட்டங்களுக்கு, 49-ஆவது படம் முழுக்க இந்தப் பன்னிரண்டுக்கு. ஈயைத் தேனீ என்று எழுதியவரும் இவரே. நூல் ஐரோப்பா எங்கும் பரவியதால் புகழும் அவருக்கே போனது.

இதை எப்படி மறுப்பது? சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பாருங்கள். பிளான்சியுஸின் கோளம் 1598. பாயரின் நூல் 1603. அதுவே போதும். மேலும் பாயர் எதையும் மறைக்கவில்லை. தென்வான விண்மீன்களைப் பார்த்தவர்களில் ஒருவராகப் பெத்ருஸ் தியோதோரி என்ற பெயரை அவரே குறிப்பிடுகிறார். டிர்க் என்ற டச்சுப் பெயரை லத்தீனில் தியோதோர் என்று எழுதுவார்கள். பீட்டர் டிர்க்சோன் என்பதுதான் பெத்ருஸ் தியோதோரி. அதாவது நம் கைசர். பெயர் மொழிமாறியதால் ஆள் யாரென்று பலருக்குத் தெரியாமல் போயிற்று. வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதிய தோட்டப் பதிவேட்டில் தன் தாத்தாவின் பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை.

சரி, பாயர் போகட்டும். கைசரா, பிரெடரிக் தெ ஹவுட்மனா? இது கடினமான கேள்வி.

முதல் பயணம் முடிந்து திரும்பிய ஹவுட்மன் சகோதரர்கள் 1598-இல் மறுபடியும் கிழக்கே புறப்பட்டார்கள். 1599-இல் ஆச்சே போனார்கள். அங்கே சுல்தானின் ஆட்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் கப்பலிலேயே சண்டை மூண்டது. அண்ணன் கொர்னேலிஸ் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர் ஆச்சேயின் பெண் கடற்படைத் தலைவி மலாஹாயாத்தி என்று ஆச்சே மரபு சொல்கிறது. தம்பி பிரெடரிக் பிடிபட்டார். 1601 வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், சிறையில் இருந்தார்.

அந்த இரண்டு ஆண்டில் அவர் இரண்டு வேலை செய்தார். மலாய் கற்றுக்கொண்டார், விண்மீன்களை அளந்தார். விடுதலையாகி நாடு திரும்பி 1603-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலாய், மடகாஸ்கர் மொழிகளுக்கான உரையாடல்களும் அகராதியும் கொண்ட நூல் அது. அச்சில் வந்த மலாய் அகராதிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதன் உரையாடல்கள் 1614-இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தன. துறைமுகத்தில் எப்படிப் பேசுவது, எப்படி விலை கேட்பது என்று வணிகர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கையேடு. அந்த அகராதியின் பின்னிணைப்பாக, சுமார் 300 தென்வான விண்மீன்களின் பட்டியல்! லாங் என்ற சொல் கிடைப்பது இங்கேதான். ஓர் அகராதிக்குப் பின்னால் வானம் ஒட்டிக்கொண்டிருந்தால் வானியலாளர்கள் எப்படித் தேடிப் படிப்பார்கள்? நெடுங்காலம் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

அந்த நூலில் பிரெடரிக் இவை தாம் அளந்தவை என்கிறார். முதல் பயணத்திலேயே தொடங்கி, சுமத்திராவில் இருந்தபோது திருத்திக் கூட்டியதாகச் சொல்கிறார். கைசருக்கு நன்றி சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

இதை வைத்து அவரைத் திருடர் என்று சொல்லிவிடலாமா? மாணவர்களுக்கு நல்ல உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி இது. நான் வகுப்பில் வைத்தால் இப்படி வைப்பேன். ஆச்சே வடக்கே ஐந்தரைப் பாகையில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் பினாங்கு அளவு. அங்கே தென்துருவம் தொடுவானத்துக்கு ஐந்தரைப் பாகை கீழே போய்விடும். துருவத்தை ஒட்டியுள்ள பச்சோந்தி அங்கே மிக உயரமாக எழும்போதே சுமார் 10 பாகைக்குள்தான் நிற்கும். கடற்கரை மூட்டத்தில் அதைத் துல்லியமாக அளப்பது பெரும்பாடு. மடகாஸ்கரோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது, அங்கே துருவமே தொடுவானத்துக்கு மேலே இருக்கும். ஆகவே பச்சோந்தி போன்றவை முதல் பயணத்திலேயே பதிவானவை என்று எண்ண இடமிருக்கிறது. 1598-க் கோளத்தில் பன்னிரண்டும் இருப்பதும் அதையே உறுதி செய்கிறது. அப்போது பிரெடரிக் ஆச்சேவையே பார்த்திருக்கவில்லை. ஆனால் அந்த முதல் பயணத்தில் அவரும் கப்பலில் இருந்தார். கைசருக்கு உதவியாகச் சேர்ந்து அளந்திருக்கலாம். 135-க்கும் 300-க்கும் இடையே உள்ள வேறுபாடு அவருடைய சிறைக்கால உழைப்பு.

என் தீர்ப்பைக் கேட்டால், வேலை இருவருடையது. பிரெடரிக் பொய்யர் இல்லை. ஆனால் செத்துப்போன சக மாலுமியின் பெயரை ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அதனால் நேர்ந்ததைப் பாருங்கள். பிரெடரிக் பிற்காலத்தில் அம்போன் தீவின் ஆளுநரானார். மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் ஒரு தீவுக்கூட்டம் இன்றும் ஹவுட்மன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாயருக்கு நூல் இருக்கிறது, பிளான்சியுஸுக்குக் கோளம் இருக்கிறது. காவல் கூட்டில் ஏறி நின்ற கைசருக்கு மிஞ்சியது பிறர் நூல்களில் வரும் சில வரிகள்.

மீதியைப் பற்றிக் கொஞ்சம்

பன்னிரண்டு தவிர்த்த மற்ற புதிய கூட்டங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். போலந்தின் ஹெவெலியுஸ் வடவானத்தில் மிச்சமிருந்த இடங்களை நிரப்பினார். அவர் இறந்தபின் மனைவி எலிசபெத் 1690-இல் படநூலை வெளியிட்டார். அவருடைய ஏழு கூட்டங்கள் இன்றும் உள்ளன. ஒன்று செக்ஸ்டன்ட், 1679-இல் அவர் வீட்டுத் தீயில் எரிந்துபோன அளவைக் கருவியின் நினைவாக வைத்தது. இன்னொன்று லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை. அவ்வளவு மங்கலான விண்மீன்களைப் பார்க்க அந்தப் பூனையின் கண் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

லக்காய் என்று மேலே சொன்னேனே, அவர் 1751, 1752-இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கி, அரை அங்குல அகலமே உள்ள சிறு தொலைநோக்கியால் கிட்டத்தட்ட 10,000 விண்மீன்களைக் குறித்தார். அவர் சேர்த்த பதினான்கு கூட்டங்களில் பதின்மூன்று கருவிகள்: நுண்ணோக்கி, தொலைநோக்கி, கடிகாரம், காற்றிறைப்பான், கவராயம், உலை என்று. ஏதோ அறிவியல் கூடத்துப் பொருள் பட்டியல் மாதிரி இருக்கும். பதினான்காவது மேசை மலை, அவர் தங்கியிருந்த கேப் டவுனின் மலை. அந்த மலை உச்சியில் அடிக்கடி வெண்மேகம் படியும். வானத்திலும் மேசைக்கு மேலே பெரிய மகெல்லன் மேகம் விரிந்திருப்பதால் பொருத்தமான பெயர். எனக்கு அவருடைய கருவிகளில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, மேசையைத் தவிர. ஆனால் ஒன்றுக்காக அவரைப் பாராட்ட வேண்டும். கைசர், தெ ஹவுட்மன் காலத்துப் பன்னிரண்டையும் அவர் கலைக்காமல் வைத்துக்கொண்டார். கலைத்திருந்தால் அவையும் பூனை, அச்சுக்கூடம், வெப்பக்காற்றுப் பலூன் ஆகிய கூட்டங்களைப் போல மறைந்திருக்கும். ஆமாம், அப்படியெல்லாம் இருந்தன. 1922-இல் 88 என்று முடிவானபோது அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: செப்டம்பர், அக்டோபரில் முன்னிரவில் தென்திசை மறைக்காத திடலில் நின்றால் மயிலும் கொக்கும் தெரியும். கோலாலம்பூரில் பீகாக் விண்மீன் தொடுவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரம் வரும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி சுமார் 10 பாகை, ஆக மூன்று முட்டி. நவம்பரில் டூக்கானைத் தேடலாம், இரண்டு முட்டி உயரத்தில். மங்கல்தான், நகர வெளிச்சத்தில் கஷ்டம். கைப்பேசிச் செயலியில் அது டூகானா என்று இருக்கும். மாணவர்களிடம் எங்காங் என்றும் சொல்லிக் காட்டுங்கள்.

பெயர் வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கிப் பெயர் கேட்டது. சிங்கப்பூர் தன் விண்மீனுக்குச் சிறு சிங்கம் என்று பொருள்படும் பாரும்லியோ என்ற லத்தீன் பெயரையும், கோளுக்குச் சிற்றூர் என்று பொருள்படும் விக்குலுஸ் என்பதையும் தேர்ந்தெடுத்தது. இந்தியா வைத்தது பீபா, சந்தமசா. முதலாவது இயற்பியலாளர் பீபா சவுத்ரியின் பெயர், அந்த விண்மீன் இருப்பது ஹெவெலியுஸின் செக்ஸ்டன்ட் கூட்டத்தில். மலேசியா லத்தீனுக்குப் போகவில்லை. விண்மீனுக்கு இந்தான், அதாவது வைரம். கோளுக்கு பைடூரி, ஒரு மணிக்கல். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, நல்ல தொலைநோக்கி வேண்டும். தேட வேண்டிய இடம் லக்காயின் உலைக் கூட்டம்.